நாலாவது துண்டு

நான் வேலை கேட்டுப் போன அன்று அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"ஒண்ணுமே இல்லாத ஒரு வரி கீதுன்னு வெச்சிக்கோ. அத்த கமா வர்ற எடத்துல எல்லாம் வெட்டுன்னு கம்ப்யூட்டராண்ட சொல்றே. எத்தினி துண்டு வரும்?"

எங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். வண்ணாரப்பேட்டையில் பாத்திரக்கடை. கடையில் வளர்ந்த பெண்ணைக் கணக்கில் மடக்க முடியாது என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. "ஒண்ணுமில்லாததை வெட்டினா ஒண்ணும் வராது. பூஜ்யம்" என்றேன்.

"ஒண்ணு வரும். காலித் துண்டு ஒண்ணு. போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். ஒன்று என்றுதான் வந்தது. வேலை போயிற்று என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "எங்க போறே, ஒக்காரு" என்றார். "தப்பா சொன்னா இன்னா இப்ப? போட்டுப் பாத்தே இல்ல. செல பேரு போட்டே பாக்காம என்னாண்ட வாதாடுவான், அவனுங்களோட தான் பேஜாரு."

அதற்குப் பிறகு நான் பெரிய கம்பெனிகளில் வேலை பார்த்துவிட்டேன். கண்ணாடிக் கட்டடம், அட்டையைக் காட்டினால் திறக்கும் கதவு எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் ஒரு வரியைத் துண்டாக்கும் கட்டளையை எழுதும்போதெல்லாம் அந்த அக்காவின் குரல் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறது. பல நாள் அது எனக்குத் தொல்லையாகவே இருந்திருக்கிறது.

அலுவலகம் ராயபுரத்தில் ஒரு லாரி ஷெட்டுக்கு மேலே இருந்தது. ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை, மூடினால் புழுக்கம். மணலிச் சாலையில் இருக்கும் கண்டெய்னர் யார்டுகளுக்கு நாங்கள் புரோகிராம் எழுதிக் கொடுத்தோம். துறைமுகத்தில் இறங்கும் கண்டெய்னர்களை அங்கேதான் கொண்டுபோய்த் திறந்து சரக்கை இறக்குவார்கள். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஒரு வரி எங்களுக்கு வரும். எண், எடை, சரக்கு, கடைசியாகப் புகை மருந்து அடித்திருக்கிறார்களா என்ற விவரம். நடுவில் கமா. அந்த வரியை நாலு துண்டாக வெட்டி வரிசையில் வைத்து, யார்டில் ஒரு சீட்டு அச்சாகும்படி செய்வதுதான் எங்கள் பிழைப்பு. சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்கள் கதவைத் திறப்பார்கள்.

புகை மருந்து என்பது பூச்சி அரிக்காமல் இருக்க உள்ளே அடிக்கும் விஷ வாயு. அடித்த பெட்டி என்றால் கதவைத் திறந்து காற்றாட விட்டு, வெகுநேரம் கழித்துத்தான் ஆள் உள்ளே கால் வைக்க வேண்டும். அடிக்காத பெட்டி என்றால் உடனே ஏறிவிடலாம். ஆக, கடைசியில் வரும் அந்த நாலாவது துண்டில்தான் மனுஷனுடைய மூச்சு இருந்தது.

வம்பும் அங்கேதான். வரியின் நடுவில் ஒன்றைக் காலியாக விட்டிருந்தால், அந்தக் காலி தன் இடத்திலேயே ஒரு துண்டாக உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் காலியாக விட்டிருந்தால், நாங்கள் பயன்படுத்திய மொழி அதைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். நாலு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் கைக்கு வரும். எறியாதே என்று நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டளையின் கடைசியில் ஒரு மைனஸ் ஒன்று சேர்த்தால் முடிந்தது. அந்த மைனஸ் ஒன்றைப் பெரிதாக எழுதித் தன் கம்ப்யூட்டர் மேல் ஒட்டி வைத்திருந்தார் அக்கா. பக்கத்தில் சாமி படம் எதுவும் கிடையாது.

அக்கா வியாசர்பாடிக் குடியிருப்பில் பிறந்து, திருவொற்றியூரில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். நல்ல உயரம். பருத்திப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலைமுடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருப்பார். எம்.சி.ஏ. படித்தவர், ஆங்கிலமும் நன்றாகவே பேசுவார். ஆனால் வாயைத் திறந்தால் மெட்ராஸ் தமிழ்தான். பம்பாய்க்காரர் ஒருவர் வந்திருந்தபோது, கொஞ்சம் நல்ல தமிழில் பேசக்கூடாதா என்று முதலாளி காதோடு சொன்னார். "அவருக்கு எந்தத் தமிழும் தெரியாது சார், அப்பால இன்னா" என்று சொல்லிவிட்டு வந்தவரிடம் ஆங்கிலத்தில் திரும்பிக்கொண்டார்.

காலியை விடமாட்டார். அதுதான் அவரிடம் எல்லோரும் பார்க்கிற குணம், எல்லோரையும் விரட்டுகிற குணமும் அதுவே. ஒரு கேள்வி கேட்டு நாம் சும்மா இருந்துவிட்டால் போகமாட்டார். "சரியா, இல்லியா, தெர்லியா? மூணுல ஒண்ணு சொல்ட்டு போ" என்பார். வாட்ஸப்பில் பதில் போடாவிட்டால் ஃபோன் வரும். ஃபோனை எடுக்காவிட்டால் ஆளே வந்து மேசைக்கு எதிரே நிற்பார்.

டீ விஷயத்தில்தான் இதை முதலில் பார்த்தேன். தெருமுனைக் கடைக்காரர் எங்கள் நாற்காலி வரிசைப்படியே கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு வருவார். முதலில் கணக்கர், அடுத்து நான், மூன்றாவது முதலாளி, கடைசியில் அக்கா. முதலாளிக்குச் சர்க்கரை வியாதி, அவருடையது மட்டும் சீனி இல்லாத டீ. பார்த்தால் எல்லா கிளாஸும் ஒன்றுபோலவே இருக்கும். ஒருநாள் நான் லீவு. கடைக்காரர் என் கிளாஸை விட்டுவிட்டு மற்றதை நெருக்கி அடுக்கிக் கொண்டுவந்தார். கணக்கர் பழக்கதோஷத்தில் மூன்றாவது கிளாஸை எடுத்து முதலாளியிடம் நீட்டிவிட்டார். அது அக்காவின் டீ, சீனி தூக்கலாகப் போட்டது. முதலாளி ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "இன்னைக்கு என்ன, டீ இம்புட்டு ருசியா இருக்கு" என்றாராம்.

மறுநாள் நான் போனபோது அக்கா கடைக்காரரை நிற்க வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "யாராவது வரலன்னா அந்த எடத்துல காலி கிளாஸ் ஒண்ணு வையி. ஆளு தான் இல்ல, எடம் கீது இல்ல? நீ பாட்டுக்கு நெருக்கி வெச்சா ஒருத்தரோடது இன்னொருத்தருக்குப் பூடும்." அன்றிலிருந்து யார் லீவு போட்டாலும் தட்டில் ஒரு காலி கிளாஸ் வந்தது. கடைக்காரர் அதைக் கொண்டுவந்து கொண்டுபோவதை ஒரு வேண்டுதல்போலச் செய்தார். நாங்கள் அக்காவைக் கேலி செய்தோம். அவரும் சிரித்துக்கொண்டார்.

கண்டெய்னர் விஷயத்தில் யாரும் கேலி பேசவில்லை, கோபம்தான் பட்டார்கள். நாலாவது துண்டு காலியாக இருந்தால் சீட்டு அச்சாகாது. அக்காவின் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து 'கேள்' என்று நிற்கும். அக்கா யார்டுக்கு ஃபோன் போடுவார். யார்டு கப்பல் கம்பெனி ஏஜெண்டைக் கேட்க வேண்டும், ஏஜெண்ட் சரக்கு அனுப்பிய ஊரைக் கேட்க வேண்டும். அதுவரை லாரி நகராது. எண்ணூர் சாலையில் லாரிக்குப் பின்னால் லாரி நிற்கும். டிரைவர்கள் நிழல் பார்த்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் கடைசியில் வரும் பதில், மருந்து அடிக்கவில்லை என்பதாகவே இருக்கும். இதற்கா இத்தனை பாடு என்று யார்டில் கத்துவார்கள்.

முதலாளி எங்கள் ஊர்க்காரர். எனக்குத் தூரத்து உறவில் சித்தப்பா. ஒருநாள் மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு அக்காவின் மேசைக்கு முன்னால் நின்றார்.

"என்னம்மா இது, வண்டி பூரா ரோட்டுல நிக்கி. யார்டுக்காரன் காலையிலேருந்து ஏசுதான். காலியா இருந்தா 'இல்லை'ன்னு போட்டு அனுப்பிவிட வேண்டியதுதானே? மருந்து அடிச்சவன் எழுதாமலா இருப்பான்?"

"எழுதாம இருப்பான் சார்," என்றார் அக்கா. "காலின்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. அவன் இன்னும் சொல்லலன்னு அர்த்தம்."

"எனக்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டாம். எடுத்துவிடுங்க அதை."

"எடுத்துட்றேன். மொத கண்டெய்னர நீங்க வந்து தொறங்க. நானும் கூட வரேன்."

அக்கா இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. முதலாளி அவரையே பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவின் வேலை போகப்போகிறது என்று நினைத்தேன். அக்கா விட்டாரா என்றால், அதுதான் இல்லை.

"ஒண்ணும் சொல்லலியே சார். இருக்கட்டும்னு எடுத்துக்கட்டுமா, எடுத்துடுன்னு எடுத்துக்கட்டுமா?"

"இருக்கட்டும்மா, இருந்து தொலையட்டும்," என்றார் முதலாளி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். மெட்ரோவில் இறங்கி, தேரடிப் பக்கம் நடந்து, கடலை நோக்கிப் போகும் ஒரு சந்து. காற்றில் மீனும் மணலி ஆலைகளின் அழுகிய வாடையும் சேர்ந்து வரும். அக்காவின் எதிர்வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். வயசு ஐம்பது கூட இருக்காது. கை இரண்டும் மடியில் நடுங்கிக்கொண்டே இருந்தன. மூச்சு ஒவ்வொன்றையும் தேடித்தான் எடுத்தார். அவர் மனைவி தேவகி பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா பையிலிருந்து ஒரு மருந்துப் பொட்டலத்தை எடுத்துத் தேவகியிடம் கொடுத்தார். பிறகு அந்த மனிதரின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து நகம் வெட்டிவிட ஆரம்பித்தார்.

"இன்னா நைனா, இன்னிக்கி எப்டி கீது?"

அவர் ஏதோ சொல்ல முயன்றார். வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. அக்கா காத்திருந்தார். நாங்கள் யாராவது இப்படி இழுத்தால் விரட்டுகிறவர், அங்கே அசையாமல் காத்திருந்தார்.

"இந்த அக்கா இல்லாங்காட்டி நாங்க எங்கியோ போயிருப்போம்," என்றார் தேவகி என்னிடம். இறாலைவிட்டுத் தலையை நிமிர்த்தாமலேதான் சொன்னார்.

திரும்பி வரும்போது ஸ்டேஷன் வரை அக்கா கூட நடந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"அவரு யார்டுல தான் வேல செஞ்சாரு. சீட்டுல புகை மருந்து இல்லன்னு இருந்துச்சி. தொறந்தவொடனே உள்ள ஏறிட்டாரு. உள்ள மருந்து இருந்துச்சி. அனுப்புனவன் எழுதாம விட்ருந்தான், கதவுல ஒட்டுன காயிதமும் மழையில போயிருந்துச்சி."

"அனுப்பினவன் தப்பு அக்கா அது."

"அவன் எழுதல. 'இல்லை'ன்னு அச்சடிச்சது யாரு? அந்த வரி நான் எழுதுனது மே." ஒரு லாரி போகும்வரை நின்றார். "நாலாவது துண்டக் கேட்டா புரோகிராம் வுழுந்துகினே இருந்துச்சி. மூணு துண்டு தானே வருது, நாலாவது எங்க இருக்கும். யார்டுல வண்டி நிக்கிதுன்னு கத்தறானுங்க. நாலாவது வரலன்னா 'இல்லை'ன்னு போட்டுக்கோன்னு ஒரு முட்டு குடுத்தேன். வுழாம நின்னுச்சி. எல்லாரும் சபாஷ்னாங்க. எனக்கும் நிம்மதியா இருந்துச்சி."

நான் கேட்டேன், "அவங்களுக்குத் தெரியுமா?"

"தேவகிக்கா? தெரியாது. ஒரு தபா கூடக் கேட்டதே இல்லியே."

"நீங்க சொல்லலாமே அக்கா."

அவர் பதில் சொல்லவில்லை. சரியா, இல்லையா, தெரியவில்லையா, மூன்றில் ஒன்று சொல்லுங்கள் என்று நான் அவரை மடக்கியிருக்கலாம். அவருடைய முகம் இருந்த இருப்பில் எனக்கு மனம் வரவில்லை. ரயிலில் உட்கார்ந்த பிறகு எரிச்சல்தான் வந்தது. ஊரிலுள்ள காலியை எல்லாம் துருவித் துருவிக் கேட்கிறவர், தன் வாசலுக்கு எதிரே இத்தனை பெரிய காலியை வைத்துக்கொண்டு, தினமும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வருகிறாரே என்று. பயமாகவும் இருந்தது. தேவகிக்குத் தெரிந்தால் என்ன ஆகும், அந்த மனிதரின் மருந்துக்கு யார் போவார்கள், அக்கா அந்தச் சந்தில் எப்படிக் குடியிருப்பார் என்று ஒவ்வொன்றாகத் தோன்றியது.

காலியை விடாத அந்தக் குணம் எவ்வளவு கொடுமையானது என்பதையும் ஒருமுறை பார்த்தேன். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒரு பையனின் விவரத் தாள் வந்திருந்தது. கூடப் பிறந்தவர்கள் பெயருக்கு எதிரே மூத்தவன் பேங்க், அடுத்தவள் டீச்சர் என்று போட்டு, கடைசித் தம்பியின் பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் போடவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அக்கா கவனித்துவிட்டார்.

"இந்தப் புள்ள இன்னா பண்ணுதுன்னு போடலியே. எதுனா மறைக்கிறாங்களா?"

வேண்டாம் அக்கா என்று நான் சொல்லி முடிப்பதற்குள், தாளில் இருந்த எண்ணுக்கு ஃபோன் போய்விட்டது. பெண் வீட்டுக்கு வேண்டியவள் என்று சொல்லிக்கொண்டு, பையனுடைய அம்மாவிடம் நேராகவே கேட்டார். அந்த அம்மா சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"அவன் போயிட்டாம்மா. தாமிரபரணியில குளிக்கப் போனவன். பேரை எடுத்துருன்னு எல்லாரும் சொன்னாக. எனக்கு எடுக்க மனசு வரல. செத்துட்டான்னு எழுதவும் கை வரல. அப்படியே விட்டுட்டேன்."

அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்தார். அன்று டீ வந்தபோதும் குடிக்கவில்லை. அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் அமையாமல் போயிற்று. ஆனால் அந்த அம்மாவின் குரல் எனக்கு இன்றும் மறக்கவில்லை. அக்காவுக்கும் மறந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்த கோடையில் தேவகியின் பெண் கம்ப்யூட்டர் படிப்பை முடித்தாள். தேவகி அக்காவிடம் வந்து கேட்டிருக்கிறார், உன் ஆபீஸிலேயே அவளுக்கு ஒரு வேலை சொல்லேன் யக்கா என்று. முதலாளிக்கும் ஆள் தேவைப்பட்டது. அக்கா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தார். அக்காவின் வாயில் பார்க்கிறேன் என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

விஷயம் எனக்கு உடனே புரிந்தது. அந்த ஞாயிற்றுக்குப் பிறகு, வேலை பழகப் புதிதாக யார் வந்தாலும் அக்கா முதலில் அந்தப் பழைய வரியைத்தான் காட்டினார். அழிக்காமல் வைத்திருந்தார். 'இப்படி எழுதாதே, எழுதியதால் ஒரு மனுஷனுக்கு மூச்சே பாழாயிற்று' என்பது அவருடைய முதல் பாடம். இந்தப் பெண்ணிடம் எந்த மனுஷன் என்று சொல்வார்? காட்டாமல் விட்டாலும் என்றைக்காவது அவளாகவே பார்த்துவிடுவாள், வரிக்கு மேலே எழுதியவர் பெயரும் இருக்கிறது. அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. சிவப்பு வரி நின்றால் மட்டும் ஃபோனை எடுத்தார், மற்றபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, சரியா, இல்லியா, தெரியலியா?" என்று கேட்டேவிட்டேன் ஒருநாள்.

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "சொல்லிடணும்," என்றார். "வேலையெல்லாம் அப்பால. மொத தேவகியாண்ட சொல்லிடணும்."

தேவகியிடம் சொன்னதற்கு மறுநாள் காலை, எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"மீன் அரிஞ்சுகினு இருந்தா. நான் போய் எதுர்ல ஒக்காந்து எல்லாத்தியும் சொன்னேன். நிறுத்தாம அரிஞ்சுகினே கேட்டா. முடிச்சவொடனே தேவகி சொல்றா, 'ஆஸ்பத்திரில சேத்த அன்னிக்கே சூப்பர்வைசர் சொல்ட்டாரு யக்கா. சீட்டு போட்றது உங்க எதுத்த வூட்டம்மா எழுதுன புரோகிராமுன்னு. நீ சொல்லலன்னா எனக்குத் தெரியாதுன்னா நெனச்சிகினு இருந்தே?'ன்னு."

இத்தனை வருஷமும் அந்த அம்மாளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மருந்துப் பொட்டலத்தை வாங்கினார், தெரிந்துகொண்டேதான் தன் புருஷனின் நகத்தை இவர் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ கேக்கல," என்றார் அக்கா. "கேக்காததால தெரியாதுன்னு நானே போட்டுகினேன் மே. காலியா இருந்த எடத்துல நானே 'இல்லை'ன்னு அச்சடிச்சிகினேன். திரும்பவும் அதே வேல."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"என்ன மன்னிப்பியா தேவகின்னு கேட்டேன். ஒண்ணியும் சொல்லல. மீன அரிஞ்சுகினே இருந்தா. அப்பால உள்ள அவரு இருமுனாரு. கையக் கழுவிகினு எழுந்து போய்ட்டா. நான் இருட்ற வரிக்கும் அங்கியே ஒக்காந்திருந்தேன். வெளிய வரல."

திங்கட்கிழமை காலையில் தேவகியின் பெண் மாடிப்படி ஏறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்கள். அக்காவின் முன்னால் போய் நின்று, "அம்மா போகச் சொல்லிச்சு ஆன்ட்டி" என்றாள். அக்கா அவளிடம் துண்டுக் கணக்கு கேட்கவில்லை. தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவளை உட்கார வைத்து, பழைய வரியைத் திரையில் எடுத்துக் காட்டினார். "இது நான் எழுதுனது" என்றார். அந்தப் பெண் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். டீ வந்தபோது தட்டில் ஒரு கிளாஸ் கூடுதலாக இருந்தது.

மத்தியானம் அந்தப் பெண் சாப்பிடக் கீழே போன நேரத்தில் நான் அக்காவிடம் போனேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவரையும் சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்று இருந்தது.

"பொண்ணை அனுப்பிட்டாங்களே அக்கா. மன்னிச்சிட்டாங்கன்னு தானே அர்த்தம்?"

"பொண்ணு வந்தா, பொண்ணு வந்துச்சின்னு அர்த்தம். அதுக்கு மேல நானா ஒண்ணு போட்டுக்கக் கூடாது."

"அப்போ திரும்பக் கேளுங்க. நீங்கதான் யாரையும் விடமாட்டீங்களே."

அக்கா கொண்டையிலிருந்த பென்சிலை உருவி மேசையில் வைத்தார். நரைத்த முடி தோளில் விழுந்தது. "வேணாம்," என்றார். "அத்தக் கேட்டு வாங்கக் கூடாது. அது அவளோட எடம். அவ சொன்னா சொல்லட்டும், சொல்லாங்காட்டி காலியாவே கெடக்கட்டும். நான் தூக்கிப் போடாம வெச்சிகினு இருந்தா போதும்."

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை. அவர் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்து நின்றிருந்தது. ஜன்னலுக்குக் கீழே ஏதோ லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முடியை அள்ளி முடிந்துகொண்டு யார்டுக்கு ஃபோன் போட்டார்.

"நாலாவது காலியா கீதுப்பா. மருந்து அடிச்சிகீறாங்களா இல்லியான்னு கேட்டுச் சொல்லு. ஆள ஏத்தாத. இல்ல, வெக்க மாட்டேன், நான் லைன்லயே கீறேன்."

பதில் வர வெகுநேரம் ஆயிற்று. அவர் ஃபோனை வைக்கவில்லை.